மூன்றாவது துடுப்பு

14 செப்டம்பர் 1987

ஷிப்ட் முடிந்து வந்து காலை நீட்டவில்லை, சிவனேஸ்வரி அக்கா கீழேயிருந்து கத்தினா: "ஓடி வா, உன்ரை மனுசன் போனிலை!" மேலறையை வாடகைக்குத் தந்ததோடு போனையும் தந்திருக்கிறா, புண்ணியவதி.

இவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே லண்டனுக்கு என்று சொல்லி இவரைக் கூட்டிவந்த ஏஜென்ட் ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டு ஓடிவிட்டான் அல்லவா? அங்கே டி.வி.க்குப் பழைய காலத்துக் கடற்சண்டைத் தொடர் எடுக்கிறார்களாம். துடுப்பு வலிக்கும் அடிமைகளுக்குக் கறுத்த ஆட்கள் வேண்டுமாம். எங்கள் பெடியளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த மனுசன், இப்போது அடிமை!

"இடப்பக்கம் மூண்டாவது துடுப்பு. தலையிலை சிவப்புத் துணி. எப்பவாவது பாத்தீரெண்டால் அதுதான் நான். கடைசிச் சண்டையிலை செத்துப்போவன்."

"வாயைக் கழுவுங்கோ!" என்று பேசினேன். சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

2 ஜனவரி 1988

நவம்பருக்குப் பிறகு போன் இல்லை. கடிதமும் இல்லை.

19 மே 1988

இல்லை. அக்கா போனைத் தூசு தட்டினாலே எனக்கு நெஞ்சு அடிக்கிறது.

4 மார்ச் 1989

கூட வேலை செய்யும் நிர்மலா பேப்பர் ஒன்று கொண்டுவந்தா. அந்தத் தொடரை வெட்டிச் சுருக்கிப் படமாக்கிவிட்டார்கள்! நகரத்துக்குள்ளே ஒரு தியேட்டரில் இந்தக் கிழமை ஏழு நாள் மட்டும் ஓடுமாம்.

அக்காவுக்குக் கோபம். "கட்டின மனுசன் சாகிறதைக் கண்ணாலை பாக்கப் போறியோ? அதுவும் ஒரு சேதியும் இல்லாத நேரத்திலை?"

முகம் ஒன்றுதானே எனக்கு வேண்டும். ஒரு தரம்.

6 மார்ச் 1989

விசரி. நான் ஒரு விசரி, மூளை கெட்டவள்.

படம் முழுக்க முதுகுதான் காட்டினார்கள். சிவப்புத் துணி தெரிந்தது, முகம் தெரியவில்லை. பொறுத்திருந்தேன். கடைசிச் சண்டை வந்தது, மற்றக் கப்பல் வந்து மோதியது — கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். அக்கா சொன்னது காதுக்குள் நின்றது. திறந்து பார்த்தால் கடல்தான் கிடக்கிறது. கோதாரி விழுந்த கண். இவ்வளவு தூரம் போய், காணேல்லை!

8 மார்ச் 1989

சுகமில்லை என்று வேலைக்குப் பொய் சொல்லிவிட்டு மறுபடி போனேன். கண்ணை மூடவில்லை.

மூன்றாவது துடுப்பின் மேல் சாய்ந்து கிடக்கிறார். தாடி, கரி, பாதி முகம். செத்த ஆளாம். ஆனால் வயிறு ஏறி இறங்குகிறது! பின்னால் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெடியள் அதைக் கண்டு சிரித்தார்கள். சிரியுங்கோடா, நல்லாச் சிரியுங்கோ. என்ரை மனுசனுக்கு மூச்சு வருது.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஈஸ்ட் ஹாம் வரைக்கும் அழுதேன்.

30 நவம்பர் 1989

நிர்மலா அந்தப் படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து வீடியோ கசெட்டாகத் தந்தா. இன்று எத்தனை தரம் போட்டேனோ தெரியாது.

12 பிப்ரவரி 1990

பார்த்தேன். மூச்சு இருக்கிறது.

21 ஆகஸ்ட் 1990

போன். இவர்! உயிரோடு இருக்கிறார். ஸ்பெயினில் போலீஸ் பிடித்துக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப, அங்கே விசாரணை என்று இவ்வளவு காலமும் உள்ளே வைத்திருந்தார்களாம். போனை அக்காவின் கையில் கொடுத்துவிட்டேன். அக்காதான் பேசினா.

9 ஜூன் 1991

இவர் வந்து ஒரு கிழமை. பாதியாகிப்போனார். புட்டு அவித்துக் கொடுத்துவிட்டு, பகிடி பண்ணலாமென்று கசெட்டைப் போட்டேன்.

"இஞ்சருங்கோ, செத்த ஆள் மூச்சு விடுறார்."

கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அது நானில்லையப்பா. அது யாக்கோப்பு, மன்னார்ப் பெடியன். எனக்குக் கை புண்ணாய்ப் போச்சு, அவன்தான் அண்டைக்குத் துணியையும் வாங்கிக் கட்டிக்கொண்டு என்ரை இடத்திலை இருந்தவன்."

"அப்ப நீங்கள்?"

"பின்னுக்கு. காணேலாது."

யாக்கோப்பு இப்போது எங்கே என்று கேட்டேன். இவரைப் பிடித்த அன்று யாக்கோப்பு இங்கே வரவென்று ஒரு களவுப் போட்டில் ஏறிவிட்டாராம். அந்தப் போட் ஒரு கரைக்கும் போய்ச் சேரவில்லை.

"அவன்ரை மனுசி இஞ்சை லண்டனிலைதான், மோர்டனிலை. அருமைநாயகி. ஒரு சேதியும் தெரியாமல் காத்துக்கொண்டு இருக்கிறாவாம்."

என்னைப் போல. நான் பார்த்துப் பார்த்து உயிர் பிடித்துக்கொண்டிருந்தது அவவின் மனுசனின் மூச்சு.

16 ஜூன் 1991

கசெட்டையும் கொண்டு மோர்டனுக்குப் போய் வந்தோம். இவர் போட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் எல்லாம் சொன்னார். அருமைநாயகி அழவில்லை, எழும்பித் தேத்தண்ணி போட்டா. பிறகு, "படத்தைப் போடுங்கோ" என்றா.

அந்த இடம் வரும்போது, "கண்ணை மூடுங்கோ அக்கா" என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. அவ மூடவில்லை. திரைக்குக் கிட்டப் போய் நிலத்தில் இருந்தா.

"மூச்சு வருதே, தங்கச்சி?"

"ஓம் அக்கா," என்றேன். "வருது."

கசெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.