ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

டக், டக் என்று இன்று காலை உன் பழைய ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டபோது உன்னைத்தான் திட்டினேன். புதுசு வாங்கு, புதுசு வாங்கு என்று எத்தனை முறை தலைபாடாக அடித்துக்கொண்டேன்! கேட்டிருந்தால் இன்று எனக்கு இப்படி வேர்த்திருக்காது.

எதிரே உன் மனைவி உட்கார்ந்திருந்தாள். திருப்போரூரில் நாம் சேர்ந்து நடத்திய அதே ஸ்டுடியோ, உன் நாற்காலி. "அண்ணா, அவரு பேசுறது எங்கனா கீதான்னு பாருங்க. போனு ஆக்சிடென்ட்லயே போயிடுச்சு. பாப்பாவுக்கு அப்பா கொரலே மறந்துடும் போல கீது" என்று ஒரு பென் டிரைவை நீட்டினாள். உன் கேமரா பையில் கிடந்ததாம். காலியாகத்தான் இருக்கும் என்றாள்.

ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் போனவன் நீ. ஒரு படத்திலாவது இருக்கிறாயா? கேமராவுக்குப் பின்னால் நிற்பவனை யார் எடுப்பார்கள்? தேடித் தேடி ஒரே ஒரு வீடியோ சிக்கியது. மாமல்லபுரம் கடற்கரையில், அலைச் சத்தத்துக்கு மேலே மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்துகிறாய்: "அண்ணாத்த, சிரிக்கச் சொன்னா இன்னாத்துக்கு மொறைக்கிற?"

அந்த ஒன்றும் சாகக் கிடக்கிற டிஸ்க்கில். பென் டிரைவைத் திறந்துகூடப் பார்க்காமல், மவுஸின் வலது பொத்தானை அழுத்தி அந்த வீடியோவை அப்படியே அதற்கு அனுப்பினேன். பச்சைக் கோடு நகரும் என்று பார்த்தால் ஒரு கேள்வி வந்து நின்றது. இதே பெயரில் அங்கே ஒரு கோப்பு இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?

"இன்னாண்ணா, வரலியா?" என்றாள். டிஸ்க் மறுபடியும் டக்கென்றது. இப்போது நின்றுபோனால் இனி திறக்காது. என் விரல் என்டர் மேல் போய்விட்டது.

அப்போதுதான் அந்த முகூர்த்த நாள் ஞாபகம் வந்தது. கோயிலில் ஒரே காலையில் இரண்டு கல்யாணம், நீ ஒன்றைப் படமெடுத்தாய், நான் ஒன்றை. முருகன் ஊரில் மாப்பிள்ளைக்குப் பெயரா பஞ்சம்? இரண்டு பேருமே முருகன். நீயும் நானும் 'முருகன் கல்யாணம்' என்றே ஃபோல்டர் போட்டிருந்தோம். கோப்புக்குக் கேமரா வைக்கும் பெயரோ வெறும் எண்தான், மெமரி கார்டை அழித்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். என் ஃபோல்டரை உன்னுடையதன் மேல் இழுத்துப் போட்டேன், இதே கேள்வி வந்தது. நான் சரி கொடுக்கப் போக, மவுஸைப் பிடுங்கிக்கொண்டாய். "பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா மச்சான்? தொறந்து பாரு. ஒருத்தன் தாலி கட்னதே காணாம பூடும்."

விரலை எடுத்தேன். கேள்வியை அப்படியே நிற்கவிட்டு, பென் டிரைவைத் திறந்தேன். காலி இல்லை. நீ இருந்தாய். திரை முழுக்க உன் முகம், கொஞ்சம் கலங்கலாக, ஒரு பக்கம் சாய்ந்து. கேமராவைப் பிடித்திருந்தது உன் மகள். என்டர் தட்டியிருந்தால் நீ இன்னொரு முறை போயிருப்பாய். உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டையும் வைத்துக்கொள் என்று கொடுத்தேன். கோடு பாதியில் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து ஒருவழியாக முடிந்தது. டிஸ்க் அதோடு சரி.

அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். உன்மேல் கோபம் ஆறவில்லை எனக்கு. கடற்கரைச் சாலையில் அப்படி என்னடா அவசரம்? ஆனால் அந்தப் பென் டிரைவ் வீடியோவில் நீ மகளிடம் சொன்னது மட்டும் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"கேமராவ ஆட்டாத பாப்பா. அப்பா இங்கியேதான் கீறேன்."