கருவாட்டு வாசனையுள்ள துண்டு

மாப்பிள்ளை,

இன்று காலை பத்தேகால் மணிக்கு, சிதம்பரம் பஸ் நிலையத்தில், இனி வாழ்நாளில் எந்த பஸ்ஸிலும் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஏழு வருட யோசனைக்குப் பிறகு எடுத்த முடிவு. இதை உலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று தோன்றியது. கைக்கு எட்டிய உலகம் ஒரு முறுக்கு வியாபாரிதான். அவரிடம் சொன்னேன்.

"அப்ப சன்னல மறைக்காம தள்ளி நில்லுங்க சார். போடுறவுங்க போடட்டும்" என்றார்.

தள்ளி நின்றேன். என் தலைக்கு மேலாக நாலைந்து துண்டுகளும் ஒரு குடையும் ஒரு கைக்குழந்தையும் பஸ்ஸுக்குள் போயின.

என் கையில் இருந்தது அதே துண்டு. நீலக்கரை போட்டது. முனையிலிருக்கும் பழுப்புக் கறையை எல்லோரும் வெற்றிலைக் கறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் மழைக்காலத்தில் லேசாகக் கருவாடு மணக்கிறது.

நான் கோர்ட்டு குமாஸ்தா. பெரிய பெரிய சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டியிருக்கிறேன். நம் பக்கத்தில் அவற்றில் எதற்கும் கிடைக்காத மரியாதை, இருக்கையில் கிடக்கும் துண்டுக்குக் கிடைக்கும். என் தங்கையை நீ கட்டிய புதிதில், மார்கழித் திருவிழாவுக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் வந்தோமே, அன்று ஒருவன் என் துண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தான். "துண்டு கெடக்குதுல்ல? கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலரைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தாய். படிக்கட்டு பயன்பட்டதாக எனக்கு நினைவில்லை. அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அவன் கூட்டாளி பாய்ந்து வந்தான். அவன் மூக்கைக் கம்பியில் வைத்து அழுத்தினாய். முந்திரிக்கொட்டை உடைபடுவது போல ஒரு சத்தம் கேட்டது. கண்டக்டர் வந்து விசாரித்தார். துண்டு விவரம் தெரிந்ததும், "தப்பு அவுங்க மேலதான்" என்று தீர்ப்புச் சொல்லி விசில் ஊதினார். நான் சிதம்பரம் வரை சௌகரியமாக உட்கார்ந்து வந்தேன். பெருமையாகவும் இருந்தது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு இரண்டு வருடம் முந்தி, நாம் இலங்கைக்குப் போனோம். கொழும்புக் கருவாட்டு மண்டிக்கு வேலைக்குப் போன உன் அண்ணனிடமிருந்து வெகுகாலமாகக் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கப் புறப்பட்டாய். படிவம் நிரப்பப் படித்தவன் ஒருவன் வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டாய். உன் அண்ணன் உயிரோடுதான் இருந்தான். அங்கே ஒரு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் உயிரோடு இருந்தான். "வூட்ல சொல்லிடாதீங்க" என்று ஒரு மூட்டைக் கருவாடு கொடுத்தான்.

அந்த மூட்டையைக் கட்டி எடுத்துவந்ததில் ரயில் போய்விட்டது. விசா மறுநாளோடு முடிகிறது. காலைக் கப்பலை விட்டால் அங்கே ஜெயில். இங்கே தேவனாம்பட்டினத்தில் என் தங்கைக்கு ஒன்பதாவது மாதம். மிச்சமிருந்தது, இரவெல்லாம் ஓடி விடியற்காலையில் கப்பல் துறைக்குப் பக்கத்தில், மன்னாரில் இறக்கிவிடும் பஸ் ஒன்றுதான்.

கூட்டம் பிதுங்கியது. டிரைவருக்குப் பின்னால், முன்வரிசையில், ஒரு இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அத்தனை கூட்டத்தில் அது மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்கிற அளவுக்கு நான் படித்தவன். யோசிக்கவில்லை. மூட்டையைத் துடைத்த துண்டைச் சுருட்டி, சன்னல் வழியாக வீசினேன். குறி தப்பவில்லை.

நாம் முண்டியடித்து ஏறி உள்ளே நுழைவதற்குள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. ஏழெட்டுப் பேர் அந்த இருக்கையைச் சூழ்ந்து நின்று துண்டைப் பார்த்துச் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட மன்னார் வியாபாரி ஒருவருக்குத் தமிழ் தெரிந்தது. அவர் நம்மிடம் மெதுவாகச் சொன்னார்:

"இது பிக்குமாருக்கு ஒதுக்கின சீட்டு தம்பி. மத்த ஆக்கள் இருக்கமாட்டாங்க. இதில மீன் நாத்தத் துணியைப் போட்டது ஆரெண்டு கேக்குறாங்க."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு தடவைதான். பிறகு, "என்னுதுதான்" என்றாய்.

முதல் அடி வாயில் விழுந்தது. நான் நிம்மதியாகத்தான் காத்திருந்தேன். கடலூரில் இரண்டு பேரை அரை நிமிடத்தில் முடித்தவன், ஏழெட்டுப் பேருக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீயோ இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாய். விலாவில் முழங்கையால் இடித்தார்கள். முடியைப் பிடித்து இருக்கைக் கம்பியில் மோதினார்கள். புருவம் கிழிந்தது. விழுந்ததும் வயிற்றில் மிதித்தார்கள். சைக்கிள் பம்பு வைத்திருந்த ஒருவன், குனிந்து, நிதானமாகக் குறிபார்த்து, உன் இடது காதில் அடித்தான். இரண்டாவது அடியும் அங்கேயே. காதுக்குள்ளிருந்து ரத்தம் வந்தது.

"திருப்பி அடி மாப்ள!" என்று கத்தினேன். என் இரண்டு கைகளும் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தரையில் கிடந்தபடியே சொன்னாய்: "கம்முனு இரு மச்சான். கை வச்சா போலீசு. போலீசுன்னா கப்பலு போச்சி. உன் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

துண்டு என்னுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். மொழிபெயர்க்க அந்த வியாபாரி பக்கத்திலேயே நின்றார்.

குருநாகலில் வயதான பிக்கு ஒருவர் ஏறினார். ரத்தத்தைப் பார்த்தார். விவரம் கேட்டார். இருக்கையில் கிடந்த துண்டைத் தன் கையாலேயே எடுத்து, மடித்து, உன் காதில் வைத்து அழுத்தினார். எல்லோரையும் பார்த்து இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு இருக்கையைக் காட்டி உன்னை உட்காரச் சொன்னார். நீ மாட்டேன் என்று தலையாட்டினாய். நீ நிற்கும்போது தான் உட்காரப்போவதில்லை என்று அவரும் நின்றார். அவர் நிற்கும்போது மற்றவர்கள் உட்காரக் கூடாதாம். மொத்தப் பேரும் எழுந்தார்கள். அனுராதபுரத்தில் அவர் இறங்கும்வரை, இருக்கைகளெல்லாம் காலியாகக் கிடக்க, பஸ் முழுக்க நின்றுகொண்டே போயிற்று. பம்புக்காரன் உன்னை ஒட்டித்தான் நின்றான். வளைவுகளில் நீ சரிந்தபோதெல்லாம் அவன்தான் பிடித்துக்கொண்டான்.

கப்பல் கிடைத்தது. ஊர் வந்த மூன்றாம் நாள் உனக்குப் பெண் பிறந்தாள். அழுகிற பிள்ளையை எப்போதும் இடது தோளில்தான் போட்டுக்கொள்வாய். "இந்தப் பக்கம் எவ்ளோ கத்துனாலும் நமக்கு ஒன்னும் இல்ல மச்சான்" என்று சிரிப்பாய். என் தங்கை விடமாட்டாள்: "போன எடத்துல கம்முனு இருக்கணும். அங்கயும் போயி துண்டு போட்டா? எங்கண்ணனும்தான் கூட வந்துச்சி, அத யாராச்சும் அடிச்சாங்களா?" நீ என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பிள்ளையைக் கொஞ்ச ஆரம்பிப்பாய்.

நீ திரும்ப யாரையும் அடித்து நான் பார்க்கவில்லை. கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவுமில்லை. நானும் சொல்லவில்லை. அவள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று கடலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். ஆலப்பாக்கத்தில் இடம் காலியானது; உட்காரவில்லை. தங்கை துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். "இந்தக் கறைய சோடா போட்டு ஊற வச்சி எடுத்துடவா அண்ணா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது யாருடைய துண்டு என்று அப்போது சொல்ல வாயெடுத்தேன். உன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள்.

போன ஆவணியில் என்னைப் பார்க்க வந்து, சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்தாய். அந்த வழக்குக் காகிதங்கள் முந்தாநாள் என் மேசைக்கு வந்தன. ஹாரன் மூன்று முறை அடித்ததாக லாரி டிரைவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். சாட்சிகள் இருவரும் அதையே சொல்கிறார்கள். லாரி உனக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது.