குதிரை லாயத்தில் குடியிருப்பு

ஒக்டோபர் 14, செவ்வாய்

முன்பு குதிரைகள் நின்ற அந்த நிலத்தை மரக்கறித் தோட்டம் போட நானும் சேவியர் அண்ணையும் சேர்ந்து வாங்குவதாக இருந்தோம். நாளை கையெழுத்து. என் பங்கு இல்லாமல் அவரால் தனியே வாங்க முடியாது. லாயத்தைத் திருத்தி என் குடும்பம் அங்கேயே குடியிருக்கலாம் என்று அவர்தான் சொன்னார். அதை நம்பி, இப்போது நாங்கள் இருக்கும் அஹுன்ட்சிக் வாடகை வீட்டை விடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. இன்று அந்த நிலம் இருக்கும் ஊரின் நகரசபைக்குப் போனேன். உழுது பயிரிடத் தடையில்லை, லாயத்தில் ஆட்கள் குடியிருக்க மட்டும் அனுமதி கிடையாது என்றார் அங்கிருந்த பெண். போன மாதமும் ஒருவர் வந்து இதையேதான் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் நகரசபையில விசாரிச்சனீங்களோ?"

"இல்லையடா தம்பி. நான் ஏன் அங்க போறன்?" பிறகு, "அந்தப் பொம்பிளை உன்னட்டை என்ன சொன்னவ?" என்றார்.

நான் அங்கே போனதையே அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே இருப்பது பெண் என்று அவருக்கு யார் சொன்னது?

நாளை கையெழுத்துப் போட வரமாட்டேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவேயில்லை.