கோமாளி மீன் குஞ்சுகளுக்குப் போட்ட சாம்பிராணி

கீழ்வீட்டில் சாம்பிராணி போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அல்லவா. படியேறி வந்த வாசனையைக் கதவைச் சாத்தி நிறுத்திவிட்டு, உங்கள் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பிடித்த வாசனைதான். ஆனாலும் இந்த மீன்கள் இருக்கும் வீட்டுக்குள் அதை நான் விடுவதில்லை. ஏன் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன். இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மில் மூடியபிறகு நீங்கள் பெட்டிக்கடை வைத்தீர்கள், அது ஓடவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்தீர்கள், அதுவும் ஓடவில்லை. “நான் கை வெச்சா எதுவும் வெளங்காது” என்று சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். சிரித்துச் சொன்னால் எனக்கு உறைக்காது என்று நினைப்பு உங்களுக்கு. கடைசியில் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் வாட்ச்மேன் ஆனீர்கள். அங்கே முன்கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்துப் பார்த்து மயங்கிப்போய், ஒருநாள் இரண்டு கோமாளி மீன்களைப் பாலிதீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தீர்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி.

நான் கடலோரக் கனகசெட்டிக்குளத்துப் பெண். கடல்மீனைக் குழம்பில் பார்த்துப் பழகியவள். “இத வறுத்தா ஒரு வாய்க்குக் காணாதுங்க” என்றேன்.

“வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு. இது பாக்கற மீனு” என்றீர்கள்.

அப்புறம் நெல்லித்தோப்பில் நம்முடைய ஒண்டுக்குடித்தன மாடிவீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் இறங்கியது. குருசுக்குப்பத்துப் படகுக்காரர் கரையை விட்டுத் தள்ளிப்போய் மொண்டுவரும் கடல்தண்ணீர்க் கேன்கள் சமையல்கட்டு வரைக்கும் வந்தன. மொட்டைமாடியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வெயிலில் பச்சையாகிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சையைத் தின்று கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் வளரும், அந்தப் பூச்சிகளைத் தின்று மீன்குஞ்சு வளரும் என்று விளக்கினீர்கள். “மூணு வயித்துக்கு ஆக்கிப் போடணும் போல” என்று நான் முணுமுணுத்தாலும், மதியத்தில் மாடிக்குப் போய் அந்தப் பச்சையின் ஊடாக வெயில் வருவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

தொட்டிக்குள் நீங்கள் கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டியில்தான் பெண் மீன் முட்டையிட்டது. அப்பன் மீன் இரவும் பகலும் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. வேலையில்லாத பகல்களில் நாற்காலி போட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவீர்கள். கூடம் முழுக்க நீலவெளிச்சம் அசையும். உங்கள் முகத்திலும் அசையும். கூப்பிட்டாலும் காதில் விழாது. எனக்கும் கூப்பிட மனம் வராது. ஏழாம் நாள் முட்டைகளுக்குள் வெள்ளிப் புள்ளியாகக் கண்கள் தெரிந்தன. மறுநாள் சாயங்காலம் சட்டியைச் சின்னத் தொட்டிக்கு மாற்றி, விளக்கையெல்லாம் அணைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து டார்ச்சைத் துணியால் மூடிக் காட்டினீர்கள். கண்ணிமை முடி அளவுக்கு நூறு உயிர் வெளிச்சத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டு வந்தன. “பொறந்துடுச்சி” என்றீர்கள். உங்கள் குரலே மாறியிருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தைக்கு நம் வீட்டில் வேலை வந்ததில்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. நீங்கள் டியூட்டிக்குப் போய்விட்டீர்கள். தலைக்குக் குளித்து, தூபக்காலில் தணலெடுத்துச் சாம்பிராணி போட்டேன். பிறந்த குழந்தைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவார்கள் இல்லையா. அந்த ஆசையில் குஞ்சுத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூன்று சுற்றுச் சுற்றி, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் வரும்போது குஞ்சுகளெல்லாம் செத்து அடியில் படிந்து கிடந்தன.

விளக்கடியில் போய் நின்று உங்கள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “காத்தால பூச்சி ஊத்தும்போது கைய விட்டேன். என் கைதான்” என்றீர்கள்.

அந்த வாரமே வளர்ப்பு மீன் கடைக்கு நான்தான் போனேன். கடைக்காரர் விசாரித்துவிட்டு, “ஊதுபத்தி, சாம்பிராணி ஏதாச்சும் வெச்சீங்களாக்கா? காத்து மோட்டாரு புகைய இழுத்து தண்ணியில வுட்டுடும். குஞ்சு தாங்காது” என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் கதவைத் திறந்து, “இன்னா சொன்னாரு?” என்று கேட்டதும், “முதல் தடவ அப்படித்தானாம்” என்றேன்.

அன்றோடு சாம்பிராணியை நிறுத்தினேன். “இன்னா, இந்த வெள்ளிக்கிழமையும் இல்லியா?” என்றீர்கள். தீர்ந்துபோச்சு என்றேன். மறுநாள் பெரிய மார்க்கெட் வரைக்கும் போய், அரைக் கிலோ நல்ல சாம்பிராணி வாங்கிவந்து என் கையில் கொடுத்தீர்கள். குஞ்சு செத்த துக்கத்தில் எனக்குச் சாமி மேலே கோபம் என்று நினைத்துக்கொண்டீர்கள். “நம்ம வீட்டு லட்சுமி நீதான், வுட்டுடாத” என்று வேறு சொன்னீர்கள். செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு. அதற்குப்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு வருவேன்.

அடுத்த முட்டைகளுக்கு நீங்கள் கையே வைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, “அதைப் பண்ணு, இதைப் பண்ணு” என்றீர்கள். பூச்சி ஊற்றியது, அழுக்கை உறிஞ்சி எடுத்தது எல்லாம் நான். பதினோராம் நாள் காலையில் ஒரு குஞ்சுக்கு, பென்சிலால் கோடு போட்ட மாதிரி வெள்ளைப் பட்டை வந்திருந்தது. “உன் கை நல்ல கை” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். அதற்குப்பின் எத்தனையோ முறை குஞ்சு பிழைத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள், ஒரு நாளும் கையால் அள்ளிக் கொடுக்கவில்லை.

கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ஊசி குத்திய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினேன். “குஞ்சுக்குத் தீனி வெச்சியா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கி எழுந்ததும் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மில்லில் உங்களோடு வேலை பார்த்தவர் வந்திருந்தார். நீங்கள் கொடுத்த ஜோடி அவர் வீட்டில் முட்டையிட்டு, குஞ்சும் பிழைத்துவிட்டதாம். “அண்ணன் கைராசிங்க அண்ணி. அவரு குடுத்தது பெருகிக்கினே இருக்குது” என்றார். நான் பெருங்குரலெடுத்து அழுதேன். உங்களை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்றும் குஞ்சு கேட்டு யாராவது வருகிறார்கள். அவர்கள் கேட்காமலே, முதலில் செத்த நூறும் என்னால் செத்தவை, அவர் கையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மீனை எடுத்துக் கொடுக்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை, தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.