வீடியோவில் அழாத மாமி

முல்லைத்தீவு,
ஞாயிறு, பூசை முடிஞ்சு.

அன்பான மருமகள் டிலுசாவுக்கு,

பாரிசில நீயும் உன்ர மனுசனும் சுகமாய் இருக்க மாதா துணை நிக்கட்டும். இஞ்ச மாமி சுகம். வாயும் சுகம். போன் அடிச்சால் நீ எடுக்கிறாய் இல்லை, அதால கடிதம். பிழையளைப் பார்த்துச் சிரி. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடம் எனக்குப் பயந்திட்டுது.

உன்ர அப்பா, என்ர அண்ணையின்ர செத்தவீட்டை நீ போனில வீடியோவாய்ப் பார்த்தனி. எல்லாரும் குழறி அழ, நான் பெட்டிக்குப் பக்கத்தில வாயைக் கோணிக்கொண்டு நிண்டதைக் கண்டிருப்பாய். "மாமிக்கு அப்பாவின்ர செத்தவீடும் பகிடிதான்" எண்டு என்ர மகன் அனிஸ்ரனிட்டச் சொன்னனியாம். உன்னில கோவமில்லை. என்ர வாய் அப்பிடி.

பிள்ளை, அது சிரிப்பில்லை, எரிவு. கண் பிரஷருக்கு நான் துளிமருந்து விடுறது உனக்குத் தெரியும். விட்டால் மணல் போட்ட மாதிரி அராவும். கருவாடு காயப்போடுறவளுக்கு உப்புக்காத்துத்தான் எரிக்குது எண்டு நினைச்சு, எரியிற நேரமெல்லாம் அதையே இன்னும் விட்டன். அண்ணையை எடுக்கிற அண்டைக்கு அவற்ர முகம் வடிவாய்த் தெரியவேணுமெண்டு காலமை நிறைய விட்டன். பேந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை.

போன கிழமைதான் கிளினிக்கில டொக்டர் அம்மா விளங்கப்படுத்தினா. மருந்து நல்லதுதானாம். போத்திலைத் திறந்தாப்பிறகு பழுதாகாமல் இருக்க அதுக்குள்ள ஒண்டு கலக்கிறதாம். அதுதான் சில பேருக்குக் கண்ணின்ர மேல்தோலைப் புண்ணாக்கிக் கண்ணீரையும் காயவைக்குமாம். நாங்கள் மீனுக்கு உப்புப் போடுற மாதிரியோ எண்டு கேட்டன். சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டா. பார், என்ர கண்ணை நானே கருவாடு போட்டிருக்கிறன்.

ஆனால் மருந்தை நிப்பாட்டேலாது. நிப்பாட்டினால் பார்வை போயிடும், போனால் திரும்பாதாம். இப்ப அந்தக் கலவை இல்லாத, ஒவ்வொரு தரமும் புதுசாய் உடைச்சு விடுற சின்னக் குழாய் மருந்து எழுதித் தந்திருக்கிறா. மேற்புண் மெல்ல மெல்ல ஆறுமாம்.

நேற்றும் சேமக்காலைக்கு, அண்ணையின்ர கல்லறையடிக்குப் போனனான். உன்ர கொப்பரோட சண்டை பிடிச்சன். ஒண்டுக்குப் பத்து மறுத்துக் கதைக்கிற மனுசன், பேசாமல் கேட்டுக்கொண்டு கிடந்தார். என்ர குரல் அழுதுது. கண் மட்டும் அப்பிடியே காய்ஞ்சு கிடந்துது.

கொப்பரின்ர ஆண்டுப் பூசைக்கு வா பிள்ளை. என்னோட கதைக்காட்டிலும் பரவாயில்லை. அங்க எனக்குப் பக்கத்தில நிண்டு, எனக்கும் சேர்த்து அழு.

ஆண்டவர் உன்ர கண் ரெண்டையும் குறையில்லாமல் வைச்சிருக்கட்டும்.

உன்ர மாமி,
றோஸ்மேரி