வாந்திக்குச் சொன்ன காரணம்

என்னங்க,

கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பிய குங்குமப்பூ கிடைத்தது. நான் பிரிக்கவில்லை. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பிள்ளை இல்லை.

இரண்டு பேரும் ஒரே நாளில்தான் கஞ்சாவை விட்டோம். நாலே நாளில் நீங்கள் நன்றாகத் தூங்கி, கொழும்புக்கு வேலைக்கும் போய்விட்டீர்கள். எனக்குத் தூக்கமே இல்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லார் முன்னாலும் வாந்தியெடுத்தேன்.

"புள்ள உண்டாயிருக்கா போல," என்றார்கள். அந்த வாரம்தான் எனக்கு மாதவிலக்கு முடிந்திருந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை வாங்கும் கங்காணி, நாம் குடியிருக்கும் லயத்துப் பக்கத்திலேயே லேசான வேலை கொடுத்தார். நீங்கள் கேட்டபோதும் மறுக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "கஞ்சாவ விட்டா பொம்பளைங்களுக்குக் குமட்டல், எரிச்சல் கூடுதலா வரலாம். அது ஒடம்போட வேலை, ஒங்க தப்பு இல்ல," என்றார். வாந்திக்கு அது சரி. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு?

வாந்தி நின்று பத்து நாளாகிறது. இன்று பக்கத்து வீட்டு லோஜினி என் கூடைக்குக் கை நீட்டினாள். அவளுக்கு நிஜமாகவே ஏழு மாதம். "குடுங்கக்கா, மொத மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது," என்றாள்.

கொடுத்துவிட்டேன்.

உங்கள் முகத்தில் விழிக்க முடியாத,
உங்கள் மனைவி