பக்கம் சாய்ந்த வளையம்

10.4.78, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே வேலூர்ப் பாறைமலை கொதிக்கிறது. பாசஞ்சர் தாமதம். ஆம்பூரிலிருந்தே நின்றுகொண்டு வந்தேன்.

மூன்றாவது படிகமும் கோணல். வெளியே குற்றம் எதுவும் இல்லை, கண்ணாடி மாதிரி. ட்ரைகிளைசின் சல்பேட். கிளைசினும் கந்தக அமிலமும் சேர்ந்த உப்பு. கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு வளர்த்தது. சீவி, வெள்ளிப் பசை தடவி, சுற்றில் மாட்டினேன். மின்னழுத்தத்தை இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஆசிலாஸ்கோப் திரையில் வரும் வளையம் நடுவில் உட்கார வேண்டும். உள்ளே இருக்கும் மின்திசை இந்தப் பக்கம் திரும்ப எவ்வளவு தள்ள வேண்டுமோ, அந்தப் பக்கம் திரும்பவும் அவ்வளவே. அது நல்ல படிகம். என்னுடையது இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறது. ஒரு திசைக்குச் சுலபமாகப் போகிறது. திரும்பி வர அடம்.

வளரும்போது ஏதோ வேண்டாதது உள்ளே புகுந்திருக்கிறது. துளி போதும்.

வாங்க: பிளேடு, வெள்ளிப் பசை (கெஞ்ச வேண்டும்), அப்பாவின் முதுகுக்குத் தைலம்.

12.4, புதன்

பேராசிரியர் (இனி பே.) திரையைப் பார்த்தார்.

"குரோமியம் உள்ள போனா இப்படி ஆகும். புத்தகத்துலயே இருக்கு."

சரி. அதுவரை அறிவியல். பிறகு:

"நீ ஆம்பூர்தானே? அப்பா தோல் டேனரியிலதானே? அப்புறம் என்ன கேக்கணும்? உங்க வீட்டுல நகத்துல, சட்டையில, சோத்துல எல்லாம் குரோமியம்தான்."

சிரித்தார். மற்றவர்களும். எஸ்தர் சிரிக்கவில்லை. (எஸ்தர்: பக்கத்து மேஜை. படித்தது வேதியியல். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். வாய் ஜாஸ்தி.)

"இனிமே நீ பீக்கரைத் தொடாதே. எஸ்தர் கழுவி, கரைசல் போட்டு வளக்கட்டும். நீ அளவு மட்டும் எடு."

தொடாதே. எவ்வளவு பழகிய வாயிலிருந்து வருவதுபோல் வந்தது அந்தச் சொல்.

நான் சொன்னது: "சரி சார்."

அதே நாள், வீடு

அப்பாவுக்கு டிரம் பகுதியில் வேலை. பச்சைத் தோலைக் குரோம் தண்ணீரில் உருட்டும் பெரிய மரப்பீப்பாய்கள்.

"இன்னாடா, வந்ததுலேந்து கையத் தேய்ச்சிக்கினே இருக்க?"

"மசி ஒட்டிக்கிச்சு."

"உன் உப்பு இன்னா ஆச்சு?"

"சரியா வரலப்பா."

"எங்க மொதலாளியும் அதத்தான் சொல்றாரு, தோலு சரியா வரலன்னு. யாரத் திட்றாரு? டிரம்மையா? என்னத்தான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நகங்களின் ஓரம் குரோம் நீலம். பார்த்தேன். பார்த்த கண்ணை என்ன செய்வது.

18.4, செவ்வாய்

எஸ்தர் பே.யின் முறைப்படியே பீக்கர்களைக் கழுவுகிறாள். க்ளீனிங் மிக்ஸ்சரில் ஊறல். இரண்டு அலசல். கடைசியில் காய்ச்சி வடித்த நீர் ஒரு சுற்று. மிக்ஸ்சரைப் பே. தன் கையால் கலந்து தன் மேஜைமேலேயே வைத்திருப்பார். வெளிநாட்டில் கற்று வந்த முறை. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

நான் கை கட்டி நிற்கிறேன். உண்மையாகவே கட்டிக்கொண்டு.

"கைய எறக்குப்பா. வாத்தியார் முட்டி போடச் சொன்ன மாதிரி நிக்கிற," என்றாள்.

அறையில் நாற்பத்திரண்டு டிகிரி. நாற்பத்தொன்பதைத் தாண்டினால் இந்தப் படிகத்துக்குத் திசையே இல்லாமல் போய்விடும். கொடுத்துவைத்த படிகம்.

26.4, புதன்

எஸ்தரின் படிகம் தயார். வெட்டியது அவள், பசை தடவியது அவள். என் விரல் பட்டது ஆசிலாஸ்கோப்பின் திருகில் மட்டும்.

வளையம் இடப்பக்கம். என்னுடையதைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாக.

"இப்ப யாரு கையி?" என்றாள். "எங்க வீட்டுல டேனரி இல்ல. டெட்டால்தான் இருக்கு."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பே. மேல் பாதி. மீதி என் மேல். இரண்டு வாரமாக நான் அவரை நம்பியிருக்கிறேன். ரயிலில் யாரும் பார்க்காதபோது சட்டையை முகர்ந்து பார்த்திருக்கிறேன். அப்பாவின் துண்டை எடுத்துத் துடைக்காமல் தள்ளி வைத்திருக்கிறேன்.

27.4, வியாழன்

எஸ்தரும் நானும் ஒரே நேரத்தில் அந்தப் பாட்டிலைப் பார்த்தோம். க்ளீனிங் மிக்ஸ்சர். தினமும் சொல்கிறோம். உள்ளே என்ன? கந்தக அமிலமும் பொட்டாசியம் டைகுரோமேட்டும்.

குரோமியம். பே.யின் மேஜைமேல். லிட்டர் கணக்கில்.

கண்ணாடியில் ஒட்டினால் லேசில் விடாது. அவர் படித்த ஊரில் குழாயைத் திறந்துவிட்டு அலசிக்கொண்டே இருப்பார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். இங்கே லாரித் தண்ணீர். கோடை. அதனால் இரண்டு அலசல், அதுவும் அவர் போட்ட சட்டம். அமிலத்தைக் கொண்டுவந்தார். அலசலைக் கொண்டுவரவில்லை.

எஸ்தர் கழுவி முடித்த பீக்கரில் கொஞ்சம் வடித்த நீரை ஊற்றிச் சுழற்றினாள். குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கும் மருந்து சில சொட்டு. ஊதா.

"பாத்துக்கோ. சுத்தமான பீக்கர்."

பே. சென்னையில். தேர்வு வேலை, பத்து நாள் வரமாட்டார். புதுக் கரைசல். சோப்பு, வெந்நீர், அலசல், அலசல், அலசல். தண்ணீர் எஸ்தர் வீட்டுக் கேனில். மற்ற எல்லாம் நான்: ஊற்றுவது, கலக்குவது, விதைப் படிகத்துக்கு நூல் கட்டுவது. அதே ரயில், அதே சட்டை, அதே கை.

5.5, வெள்ளி

கத்திரி. படிகம் வளர்கிறது. தூசி விழாமல் மூடியிருக்கிறேன்.

ஒரு யோசனை. தோலில் அதிகம் இருப்பதும் கிளைசின்தான். டிரம்மில் குரோமியம் தோலின் நாரைப் பிடித்துக்கொள்கிறது, தோல் அழுகாமல் நிற்கிறது. இங்கே அதே குரோமியம் படிகத்துக்குள் உட்கார்ந்து ஒரு திசையைப் பிடித்துக்கொள்கிறது. அப்பாவும் நானும் ஒரே வேலைதான் பார்க்கிறோமா? வேண்டாம். அழகாக்கினால் கோபம் ஆறிவிடும். ஆறக்கூடாது.

12.5, வெள்ளி

வளையம் நடுவில். இரண்டு பக்கமும் ஒரே அளவு. பலமுறை சரிபார்த்தேன்.

பே. வந்துவிட்டார். பழைய வளையம், புது வளையம், இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். மிக்ஸ்சரைப் பற்றி, ஊதாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்பா! சுத்தமானது ஒண்ணு, குரோமியம் கலந்தது ஒண்ணு. குறைபாடு வளையத்தை எப்படி நகர்த்துதுன்னு அழகா ஒரு பேப்பர். நாமளே திட்டம் போட்டுச் சேர்த்தோம்னு எழுதிடு. அளவு ஏதாவது போட்டுக்கலாம்."

"எடை போட்டுச் சேக்கலையே சார்."

"யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"அது மிக்ஸ்சர்லேந்து வந்தது சார். என் கையிலேந்து இல்ல."

"என்ன கை?"

நினைவில்லை. நடிக்கவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன். எனக்கு ஒரு மாதம், அவருக்கு ஒரு சிரிப்பு.

"நீங்கதான் தொடாதேன்னீங்க சார். எங்க வீட்டுச் சோத்துலயே குரோமியம்னீங்க."

"அட, அத இன்னும் வச்சிக்கிட்டிருக்கியா? தமாஷுக்குச் சொன்னதுப்பா. இப்படி எழுது, ஆய்வேட்டுல கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இந்த வருஷம் போச்சு."

"போனா போவுது," என்றாள் எஸ்தர், குழாயடியிலிருந்து, பீக்கரிடம் பேசுவதுபோல.

13.5, சனி

செய்முறைப் பகுதியை ரயிலில் எழுதி முடித்தேன். பீக்கர்கள் எதில் ஊறின. எத்தனை முறை அலசப்பட்டன, ஏன் அத்தனை முறை மட்டும். எந்தப் படிகத்தை யார் கை தொட்டது, யார் கை தொடவில்லை. குரோமியத்தின் அளவு: தெரியாது. அப்படியே எழுதினேன், தெரியாது என்று.

பே. நின்றபடியே படித்தார். மடித்தார். கையெழுத்து இல்லை.

"யோசிச்சிட்டு வா."

"யோசிச்சிட்டுத்தான் சார் எழுதினேன்."

அவர் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த பீக்கரை எடுத்தேன். அவர் பார்க்கப் பார்க்க, வெறுங்கையால். குழாயடிக்குப் போனேன். ஒன்று. இரண்டு. நிறுத்தவில்லை. மூன்று, நான்கு.

"தண்ணி! தண்ணி வீணாகுது!"

ஐந்து.